கல்லுளிமங்கன் மாத்திரை

"இருக்கிற மருந்துலயே அந்த வலிப்பு மாத்திரைதான் சரியான கல்லுளிமங்கன். உடம்புல கரைஞ்சது போக மிச்சம் வெளிய வருது. சுத்திகரிப்பு நிலையத்துலயும் அசையமாட்டேங்குது. நேரா ஆத்துக்குப் போயிடுது" என்று போன மாதம் சாப்பிடும்போது, கழிவுநீர் ஆராய்ச்சி செய்யும் அண்ணி அலுத்துக்கொண்டாள்.

"அப்ப மீனுக்கெல்லாம் வலிப்பே வராதுன்னு சொல்லுங்க" என்றாள் பொம்மி.

எல்லோரும் சிரித்தார்கள். கணவனின் தங்கை பொம்மி பள்ளிக்கூட நாளிலிருந்து விழுங்குவதும் அதே மாத்திரைதான் என்பது அண்ணிக்கு அப்போது உறைக்கவே இல்லை.

இன்று காலையில் உறைத்தது. பேசிக்கொண்டே இருந்த பொம்மியின் பார்வை சட்டென்று நிலைகுத்தியது. கையிலிருந்த கோப்பை விழுந்து சிதறியது. சற்று நேரத்தில் தெளிந்துவிட்டாள். ஆனால் அவளுடைய அலமாரியில் மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமலே கிடந்தன.

மருத்துவமனையில் டாக்டர் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். "திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தும்மா!" உடனே போட்டுக்கொள்ளச் சொல்லி அவர் கொடுத்த மாத்திரை, வெளியே வந்த பிறகும் பொம்மியின் உள்ளங்கையிலேயே இருந்தது.

"ஏன்டி நிறுத்தின?"

"நீங்கதானே சொன்னீங்க. வீட்டுக்குப் பாரமா இருக்கறது போதாதா, ஆத்துக்கு வேறயா?"

அண்ணிக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அவளைக் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப்போனாள். அண்ணி வேலை பார்க்கும் தகரக் கொட்டகை அங்கேதான் இருந்தது. மருத்துவமனைக் கழிவுநீர் கண்ணாடிக் குழாய்களுக்குள் ஓடியது. உள்ளே மெல்லிய சவ்வு. அதன்மேல் நீல விளக்கு.

"தண்ணிய விட்டுட்டு மருந்த மட்டும் சவ்வு தடுத்து நிறுத்தும். அதுமேல ஒரு பூச்சு இருக்கு. வெளிச்சம் பட்டா அது மருந்த உடைச்சுப் போட்டுடும்."

"முழுசாவா?"

பொய் சொல்ல அண்ணிக்கு வாய் வரவில்லை. "பத்துல எட்டுப் பங்கு. உடைஞ்ச துண்டெல்லாம் என்ன ஆகுதுன்னும் பாத்துட்டிருக்கேன். அது என் தலைவலி. நீ விழுங்கறத விழுங்கு. துரத்திப் பிடிக்கத்தானே எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

பொம்மி நீல வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆறு, மீனெல்லாம் சும்மா அண்ணி. மாத்திரை இல்லாத பொண்ணா இருக்க முடியுமான்னு பாத்தேன். நான் வேலை பாக்கற மூக்குக்கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறவர் இருக்காரே, கட்டிக்கலாமான்னு கேட்டு ஒரு வருஷமாச்சு. அவருக்கு என் வலிப்பு விஷயம் தெரியாது."

"அடிப்பாவி! உங்கண்ணனுக்கு இந்தக் கல்யாணப் பேச்சு தெரியுமா?"

"உங்களுக்கே இப்பத்தானே தெரியும்! அண்ணன் எல்லாம் ஒரு ஆளா?"

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். பொம்மி மாத்திரையை வாயில் போட்டு, இரண்டு மடக்குக் குடித்தாள்.

"நாளைக்கு அவர்கிட்ட சொல்லப்போறேன்" என்றாள். "ஒண்ணு உங்ககிட்ட கேக்கணும்னு எத்தனையோ நாள் உங்க ரூம் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பியிருக்கேன். நான் சொல்லும்போது நீங்க என் பக்கத்துல வந்து நிக்கறீங்களா, அண்ணி?"