திரும்பப் பெற வேண்டிய கேள்வி

"கழுவிப் பவுடரும் பூசிக்கொண்டு வந்த காலை, சுவாமி ஏனப்பா திரும்பவும் கழுவுறார்?"

கம்சாவுக்கு அப்போது ஏழு வயது. பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்தது போலச் சுவாமியார் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவும் நேரம், பாடகர் குழு மூச்சு வாங்கிய இடைவெளியில் இதைக் கேட்டுவிட்டாள். றொமேஸ் மகளின் வாயைப் பொத்துவதற்குள் கேள்வி பீடம் வரைக்கும் போய்விட்டது. பின் வாங்குகளில் இருந்தவர்களிடம் சிரிப்பு எழுந்தது.

அப்போஸ்தலர்களாக உட்காரும் பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார்கள். முதல் கதிரை மட்டும் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் கிறகோரியாருடையது. தலைமைச் சீடர் இராயப்பரின் இடத்தில் பதினான்கு வருடமாக இருக்கிறார். குதிக்காலைக் கல்லில் உரஞ்சி, பவுடர் போட்டு, தாழ்மைக்கு முழு ஆயத்தத்தோடு வருவார்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த கையோடு, படகின் அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்கச் சங்கத்தின் கடிதம் கேட்டு றொமேஸ் போனான். கடிதம் இல்லாமல் அரசாங்கக் கந்தோரில் பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாமல் படகைக் கடலில் இறக்க முடியாது. கிறகோரியார் மிகவும் அன்பாகப் பேசினார். தனக்குக் கோபமே இல்லை, மனம் நொந்தது சங்கம்தான் என்றார். நிர்வாகக் குழு கூடியது. பிள்ளை தன் கேள்வியைத் திரும்பப் பெறும்வரை கடிதத்தை நிறுத்தி வைப்பதென்று முடிவாயிற்று. கேட்டுவிட்ட கேள்வியை எப்படித் திரும்பப் பெறுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் எல்லோரும் கையை உயர்த்தினார்கள்.

கடல் அடங்கிக் கிடந்த நல்ல நாட்களில் றொமேஸின் படகு கரையில் கிடந்தது. ஐந்தாவது வாரம் அவன் வீட்டில் மீனைக் கடனுக்கு வாங்கிச் சமைத்தார்கள். ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கம்சாவின் பெயரை எழுதுவித்துக் கொடுத்துவிடுவோமா என்று மனைவி யூலிற்றாவிடம் கேட்டான். அவள் மறுத்துவிட்டாள். பிள்ளை பொய் எதுவும் சொல்லவில்லையே என்றாள். அவள் செய்ததெல்லாம், மாலைச் செபமாலையின் முடிவில் கிறகோரியாருக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' சேர்த்துக்கொண்டதுதான். அந்த ஒன்றுக்கு மட்டும் றொமேஸ் வாய் திறப்பதில்லை.

"அந்த மனுசனுக்கும் செபமோ?"

"ஆண்டவர் யூதாசின்ர காலையும் கழுவினவரப்பா."

"யூதாஸ் எண்டாலும் ஊத்தைக் காலோட வந்தவன்."

யூலிற்றாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் அந்தச் செபத்துக்கு றொமேஸும் மெல்ல முணுமுணுத்தான்.

ஏழாவது வாரம், சங்கப் புத்தகங்களைப் பார்வையிடப் புளியங்குளத்தைச் சேர்ந்த சிவராசா என்ற அதிகாரி வந்தார். வழக்கம்போலக் கடிதம் கேட்டு வாசலில் நின்ற றொமேஸுக்கு உள்ளே பேசியதெல்லாம் கேட்டது.

அந்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் அறிக்கையை எழுதியவன் சங்கச் செயலாளர் சுஜிதன். 'ஒழுக்கக் குறைவு' என்று மட்டும் எழுதும்படி தலைவர் சொல்லியிருந்தார். சுஜிதனோ நடந்ததை நடந்தபடியே எழுதுகிறவன். பவுடர் உட்பட, கேள்வியை முழுதாக, முத்து முத்தான எழுத்தில் எழுதி வைத்திருந்தான். கிறகோரியார் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார்.

அதிகாரி இரண்டு தரம் வாசித்தார். சிரிக்கவில்லை.

"நான் சைவ சமயக்காரன், தலைவர். எனக்கு விளங்கேல்ல. பிள்ளைக்கு நீங்கள் என்ன மறுமொழி சொன்னனீங்கள்?"



"அது சின்னப் பிள்ளையின்ர கதை, சேர்."

"அப்ப ஏன் பெரிய ஆக்கள் கூட்டம் வைச்சனீங்கள்?"

கடிதம் அன்று மத்தியானமே கிடைத்தது. அடுத்த பொதுக்கூட்டத்தில் சுஜிதனின் பதவி போனது. புதிய செயலாளர் கிறகோரியாரின் மருமகன். அவர் எழுதியதை அவராலேயே வாசிக்க முடியாது என்பது அவருடைய முக்கியமான தகுதி.

றொமேஸ் நன்றி சொல்லப் போனபோது சுஜிதன் கேட்க விரும்பவில்லை.

"நடந்ததை எழுதினனான், அண்ணை. அதுக்கென்ன நன்றி?"

பிறகு கதையை மாற்றினான். விடியப்புறம் தன் வலை கடலடிக் கல்லில் மாட்டிக் கிழிந்துபோனதையும், அதைக் கட்டி முடிக்கும்வரை தொழிலுக்குப் போக வழியில்லை என்பதையும் சொன்னான்.

அடுத்த நாள் சுஜிதன் நூல் வாங்கப் புதுக்குடியிருப்புக்கு பஸ் ஏறினான். உச்சி வெயிலில் கரையில் ஒரு நாய்கூட இல்லை. றொமேஸ் சுஜிதனின் ஓலை வாடிக்குள் குனிந்து நுழைந்து, தான் கொண்டுவந்த நூலையும் ஊசியையும் எடுத்து, வலையின் கிழிசலை மடியில் விரித்து, கண் கண்ணாகக் கட்டத் தொடங்கினான். வெயில் சாயும்வரை கட்டினான். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, வலையை முன்பு கிடந்தபடியே குவித்து வைத்தான். மணலில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கி மடியில் செருகிக்கொண்டு, வீட்டுக்குச் சாப்பிடப் போனான்.