ஊர் சுத்தின அங்கி

ஓஷ் டவுன் பஜார்ல ஒரு வரிசைக் கடை முழுக்க சைராகுல் அக்காவுக்குச் சொந்தம். ஊருக்கு வெளியில மாவு மில்லும் இருக்கு. ஆனா அக்கா மில்லுக்கு மினி பஸ்லதான் வரும். உக்கார இடம் இல்லைன்னா நின்னுக்கிட்டு வரும். பூட்ஸ் தேஞ்சா அடி மாத்திப் போட்டுக்கும். அறுவடையில எல்லாரும் கோதுமைய விக்கத் துடிக்கிறப்ப இது வாங்கிப் போடும். மில்லு ஆளுங்களுக்குக் குளிர்காலக் கரி மட்டும் பனி விழறதுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிரும். எனக்கும்தான். நான் அந்த மில்லுல வேலை பாக்கறேன்.

அக்கா மகன் எல்தியாருக்குக் கல்யாணம் பேசப் பொண்ணு வீட்டுக்காரங்க வந்தாங்க. அக்கா வீட்டுக்காரர் இறந்துட்டதால, நம்ம பக்கம் ஒரு ஆம்பளை உக்காரணும்னு என்னைக் கூப்பிட்டுச்சு.

"இன்னிக்கு நீ என் கூடப்பொறந்தவன். பேசாம சாப்பிடு, போதும்."

எனக்கு இங்க சொந்தம்னு சொல்லிக்க யாரும் இல்ல. சட்டையைத் தேச்சுப் போட்டுக்கிட்டுப் போனேன்.

பொண்ணோட அப்பா தாஷ்தான்பெக் அரசாங்க ஆபீஸ்ல அதிகாரி. அம்மா பேரு புருல். கறி சாப்பிட்டு முடிச்சதும், வழக்கப்படி அக்கா சம்பந்திக்கு ஜரிகை போட்ட நீல வெல்வெட் அங்கியப் போத்திவிட்டுச்சு. எல்லாரும் கை தட்டினோம். எல்தியார் எங்களுக்கு டீ ஊத்திக்கிட்டு இருந்தான். அப்பத்தான் விருந்துப் பேச்சு வந்துச்சு.

"நானூறு பேரு, பெரிய ஹால், வெள்ளைக் காருங்க வரிசையா," ன்னாரு தாஷ்தான்பெக்.

"எண்பது பேரு, நம்ம வீட்டு முத்தம்," னுச்சு அக்கா.

"விளையாடறீங்களா சம்பந்தி? பாதி பஜார் உங்களோடது!"

"அதான் இன்னும் என்னோடதா இருக்கு."

"கஞ்சத்தனம் உங்களது, அசிங்கம் எனக்கா? ஹால் இல்லைன்னா கல்யாணமே இல்ல!"

இதைக் கேட்ட எல்தியார் கிண்ணத்தைக் கவனிக்கல. மாமனாரு கிண்ணத்துல டீய விளிம்பு வரைக்கும் ஊத்திட்டான். இங்க மரியாதைக்குப் பாதிதான் ஊத்துவாங்க. நிறைய ஊத்தினா, குடிச்சுட்டுக் கிளம்புன்னு அர்த்தம்.

தாஷ்தான்பெக் கிண்ணத்தைப் பாத்தாரு. அவனைப் பாத்தாரு.

"ஓ! மாப்ளையே போகச் சொல்லிட்டாரு!"

"ஐயோ இல்ல மாமா, கை தவறி..."

"புருல், எந்திரி!" அங்கியக் கழட்டிக் கீழ வீசினாரு.

எல்தியார் மூஞ்சி வெளுத்துப்போச்சு. அக்காவும் அசையாம உக்காந்துருச்சு. ஒரே மகன்.

புருல் எந்திரிக்கல. வெல்வெட்டு அழுக்காகுதேன்னு அங்கிய எடுத்து மடிச்சாங்க. மடிக்கிற கை பாதியில நின்னுச்சு. காலருக்கு உள்பக்கம் கொக்கி தச்ச இடத்த வெளிச்சத்துல காட்டிப் பாத்தாங்க.

"சிவப்பு நூலு," ன்னாங்க. "நீல நூலு தீந்துபோய் நான் சிவப்புல தச்சேன். இது நம்ம அங்கி!"

"உளறாத!"

"மூத்தவ கல்யாணத்துல உஸ்கென் ஊரு சம்பந்திக்கு நீங்கதானே போத்துனீங்க!"

வந்த அங்கிய யாரும் போட்டுக்க மாட்டாங்க. பெட்டியில வச்சு அடுத்த விசேஷத்துக்குத் தள்ளிவிடுவாங்க. எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளிய பேச மாட்டாங்க. கொடுத்தவங்க கிட்டயே திரும்பிப் போகாம மட்டும் பாத்துக்கணும்.

அக்கா வெக்கத்தோட நாத்தனாருக்கு எல்லாருக்கும் கேக்கற மாதிரி போன் போட்டுச்சு.

"நீ கொடுத்த நீல அங்கி உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"உஸ்கென்காரங்க போத்துனது. ஏன்க்கா, கிழிஞ்சிருக்கா?"

புருல் புருஷன் பக்கம் திரும்பினாங்க.

"இந்த மாதிரி அங்கிங்க வாங்கத்தானே என் கறவை மாட்ட வித்தீங்க? அங்கி திரும்பி வந்துருச்சு. என் மாடு எங்க?"

சிரிக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன். வாயில ரொட்டி இருந்துச்சு, புரையேறிருச்சு. அக்கா என் முதுகுல தட்டிக்கிட்டே தானும் சிரிக்க ஆரம்பிச்சுருச்சு. கடைசியில தாஷ்தான்பெக் தோளும் குலுங்குச்சு. அப்படியே உக்காந்துட்டாரு.

அக்கா கண்ணத் தொடச்சுக்கிட்டுச் சொல்லுச்சு: "சம்பந்தி, என் கிட்ட காசு இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஒரு சாயங்காலத்துல நானூறு பேருக்கு அதைப் போட்டா மறுநாள் எச்சித்தட்டுதான் மிச்சம். பசங்களுக்கு ஒரு வீடு வாங்கித் தர்றேன். அங்கிக்குப் பதிலா உங்க வீட்டுக்கு ரெண்டு கறவை மாடு அனுப்புறேன்."

"ஊரு என்ன கேக்கும்?"

"பால் கேக்கும்," ன்னாங்க புருல். "நான் ஊத்திக்கிறேன். நீங்க சும்மா இருங்க."

அவரு மீசையத் தடவிக்கிட்டாரு. "பாட்டுக்காரரு வேணும். அதுல மட்டும் விட மாட்டேன்."

"ஒருத்தரு."

"நாலு ஸ்பீக்கர்."

"முத்தத்துக்கு நாலா? ரெண்டு. தெரு முழுக்கக் கேக்கும், வராத முன்னூத்திச் சொச்சம் பேரும் வீட்டுல இருந்தே கேக்கட்டும்."

"சரி, ரெண்டு," ன்னாரு.

எல்தியார் செருப்பு கூடப் போடாம முத்தத்துக்கு ஓடினான். பொண்ணு பெகாயிமுக்குப் போன் போட்டு அவன் கத்தினது எங்க வரைக்கும் கேட்டுச்சு.

"முடிஞ்சுருச்சு! எண்பது பேரு, ஒரு பாட்டுக்காரரு, ரெண்டு மாடு!"

அந்தப் பக்கம் அவ என்ன கேட்டாளோ.

"இல்லம்மா, மாடு உனக்கு இல்ல," ன்னான். "உனக்கு நான்தான்."