பேர் சொல்லாதவள்

நஞ்சப்பன் கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் நனைத்து மனைவி சென்னம்மாளின் வாயில் பிழிந்தான். அது கடைவாயில் வழிந்து தாடைக்கடியில் இருந்த தழும்பில் தேங்கியது. காலையிலிருந்து எதுவும் உள்ளே இறங்கவில்லை.

அது ஆஸ்பத்திரித் தழும்பு. பல வருஷத்துக்கு முன்னால், பல்லில் கட்டிய சீழ் தொண்டைக்கு இறங்கி மூச்சு முட்டியபோது, மொரப்பூரில் ரயிலேற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோயிருந்தான். வீக்கத்தை அறுக்கும் முன் தொண்டைக்குள் அவசரமாகக் குழாய் விட்டார்கள். அது உள்ளே போவதற்குள் மூச்சு நின்று உடம்பு நீலம் பாய்ந்தது. பிறகு எப்படியோ திரும்பியது.

அவள் கண் திறந்ததும், "உன் புருசன் பேர் என்னம்மா?" என்று டாக்டர் கேட்டார். அவள் பேசவில்லை.

"மூச்சு நின்னப்ப மூளைக்குக் காத்து போகலப்பா. ஞாபகம் தப்பியிருக்கும்."

நஞ்சப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் பேரை யாராவது கேட்டால் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு தலை குனிகிறவள் அவள்.

"எங்கூர்ல பொம்பளைங்க புருசன் பேரச் சொல்ல மாட்டாங்க சாமி."

வழியெல்லாம் அவள் வாய் திறக்காததைக் களைப்பு என்றே நினைத்தான். வீட்டு வாசலில் இறக்கிவிட்டதும், "நீங்க யாருங்க?" என்று கேட்டாள்.

பாழும் மனசு அதற்குப் பின்னும் அடங்கவில்லை. சோறூட்டும்போதெல்லாம் தன் பேரைச் சொல்லிக்கொடுத்தான். அவளும் கற்றுக்கொண்டாள். ஆடும் நஞ்சப்பன், காக்கையும் நஞ்சப்பன். ஊர் சிரித்தது. பிள்ளையில்லாத வீட்டில் அந்த ஒரு சொல்தான் அவனுக்குப் பேச்சுத் துணை. இன்னாரென்று தெரிந்து ஒரே ஒரு முறை தன்னைப் பார்த்துவிட மாட்டாளா என்று வருஷக்கணக்கில் ஏங்கிக் கிடந்தான்.

மத்தியானம் ஏரியூரிலிருந்து அவன் தங்கை ரங்கம்மாள் வந்தாள். வந்ததும் அண்ணியின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

"தண்ணி ஊத்துண்ணா. இனித் தாங்காது." பிறகு குனிந்து, "அண்ணி, இது யாருன்னு தெரியுதுங்களா? பேரச் சொல்லுங்க" என்றாள்.

சென்னம்மாளின் கண்கள் அவன் முகத்தில் நின்றன. உதடு அசைந்தது, மூடிக்கொண்டது. கண்ணைத் தாழ்த்தினாள். கை முந்தானையைத் தேடிப் பிடித்து மேலே கொண்டுபோகப் பார்த்தது. கழுத்தருகே நின்றது. மூச்சும் அதோடு நின்றுவிட்டது.

"ஐயோ, தெனம் சொன்ன பேரக்கூட மறந்துட்டுப் போயிட்டாங்களே!" ரங்கம்மாள் தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

வாசலில் ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. நஞ்சப்பன் சென்னம்மாளின் விரல்களிலிருந்து முந்தானையை மெல்ல எடுத்து, மீதித் தூரம் இழுத்து, தலையை மூடிவிட்டான்.