போனைப் பார்த்துப் பேசிய பிள்ளை

பெற்றோர் தினத்தன்று காலையிலிருந்தே வதனிக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. மின்விசிறியைக் கூட்டினாள், குறைத்தாள். கதிரைகளை வரிசையாக இழுத்துவிட்டுப் பார்த்தால் பரீட்சை மண்டபம் போல் இருந்தது. அரைவட்டமாக்கினாள். அரைவட்டத்தில் ஆட்கள் கொள்ளாது என்று மறுபடியும் வரிசையாக்கினாள். கீழே மருந்து விற்கும் பாமசிக்காரர், மேலே தளபாடக் கடை திறக்கிறார்களா என்று கேட்டு ஆளனுப்பாததுதான் குறை.

கல்லடியில் அந்தப் பாமசிக்கு மேல்மாடியில் அவள் நடத்தும் மொழிப் பள்ளிக்கு நல்ல பெயர். இந்த வருடம் துணிந்து புதிதாக ஒன்றைத் தொடங்கியிருந்தாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு உயர்நிலை ஆங்கிலம். விளம்பரத்தில் 'அட்வான்ஸ்ட்' என்ற சொல்லைப் போட்டதுதான் தாமதம், ஊரே படியேறி வந்துவிட்டது. பிள்ளைக்கு என்ன வரும், என்ன வராது என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்? "அட்வான்ஸ்ட்ல போட்டுவிடுங்க டீச்சர்" என்பதே எல்லோருடைய பேச்சும். வதனி யாருடைய முகத்தையும் பார்க்காமல் பிள்ளைகளைப் பேசவைத்துப் பார்த்து, ஒரு மேசையைச் சுற்றி இருக்கக்கூடிய அளவுக்கு மட்டும் எடுத்தாள்.

அந்த மேசையில் இரண்டு சட்டங்கள். எதையும் பாடமாக்கி ஒப்புவிக்கக் கூடாது. ஒருவரை மறுத்துப் பேசுவதானால், முதலில் அவருடைய நியாயத்தை அவரே சொல்வதைவிட நன்றாகச் சொல்லவேண்டும், பிறகுதான் உன் நியாயம்.

இரண்டாவது சட்டத்தைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரியாது. முதலாவதை அவர்கள் நம்பவில்லை. மேடையேறி ஒரு பிள்ளை ஆங்கிலம் பேசினால் அது டீச்சர் எழுதிக்கொடுத்ததாகத்தான் இருக்கும். பிள்ளை பாடமாக்கியிருக்கும். தாங்கள் படித்த காலத்தில் அப்படித்தான் நடந்தது, இப்போது மட்டும் வேறு எப்படி நடக்கும்?

மேனுகாவின் தகப்பன் கோகுலராஜ் எல்லோருக்கும் முன்னதாக வந்து முதல் வரிசையில் இடம்பிடித்தான். களுவாஞ்சிகுடியில் கம்பி, சீமெந்துக் கடை வைத்திருப்பவன். சனிக்கிழமைகளில் கடையை வேலைக்கு நிற்கும் பெடியன்களிடம் விட்டுவிட்டு, தேற்றாத்தீவிலிருந்து மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து, வகுப்பு முடியும்வரை கீழே காத்து நிற்பான். இன்றைக்கு மனைவி றஜிதாவும் கூட வந்திருந்தாள். அவன் போனைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீடியோ நல்லா வரணும் டீச்சர். கொழும்பில அக்காக்கு அனுப்பணும். அவ கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில காட்டுவா. இன்டநெஷனல் ஸ்கூல். தை மாசம் இவள அங்க சேர்க்கிற. அக்கா வீட்டில நிண்டு படிப்பாள்."

வதனிக்கு இது புதுச் செய்தி. திரும்பி மேனுகாவைப் பார்த்தாள். அவள் பின்னலை அவிழ்த்து, மறுபடியும் பின்னிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வதனிக்கு உறைத்தது. மூன்று கிழமையாக அந்தப் பிள்ளை ஒரு பேச்சை எழுதி எழுதிக் கொண்டுவந்து காட்டியது. 'ஒரு தகப்பன் தன் மகளைத் தூர இடத்துக்கு அனுப்பப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்' என்று தொடங்கும் பேச்சு. வதனி அதன் வினைக்காலங்களைத் திருத்தினாள். ஒரு சொல் நன்றாயிருக்கிறது என்று கோடிட்டாள். கற்பனை அபாரம் என்று புகழ்ந்தும் விட்டாள். மொழியைத் திருத்தும் அவசரத்தில், இது யாருடைய கதை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிப்பிக்கிறவள் என்று பெயர், அவ்வளவுதான்.

பேச்சை மாற்றச் சொல்லலாமா, வரிசையில் கடைசியாகப் போடலாமா என்று அவள் தவித்துக்கொண்டிருக்கும்போதே, நிகழ்ச்சி தொடங்கி, காத்தான்குடிப் பிள்ளை முப்லிஹா, பள்ளிக்கூடங்களில் காலைக்கூட்டத்தை ஒழிக்கவேண்டும் என்று முழங்கி முடித்து, கைதட்டலும் வாங்கிக்கொண்டு போய் இருந்துவிட்டாள். மேனுகா எழுந்தாள்.

'வைத்துக்கொள்வோம்' போய்விட்டது. "என் அப்பா என்னைக் கொழும்புக்கு அனுப்பப் போகிறார்," என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். "அவர் கெட்டவர் இல்லை. அவருடைய நியாயத்தை முதலில் சொல்கிறேன்."

சொன்னாள். சுனாமி வந்தபோது அப்பாவுக்கு இருபது வயது. கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, முகாமுக்கு உதவி கொடுக்க வெள்ளைக்காரர்கள் வந்து ஒவ்வொருவரிடமும் என்ன இழந்தாய் என்று கேட்டார்கள். அப்பாவின் தம்பி கடலோடு போயிருந்தான். அதைச் சொல்ல அவருக்கு ஆங்கிலம் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவன், "இவனுக்கு ஒரு வள்ளம் போச்சு" என்று சொல்லி எழுதுவித்தான். வள்ளம் கிடைத்தது. தம்பியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. தன் பிள்ளை ஒருநாளும் அப்படி வாயடைத்து நிற்கக்கூடாது என்று அன்றைக்கு அப்பா நினைத்தார்.

"அது சரியான நினைப்பு," என்றாள் மேனுகா. "இப்போது எனக்கு ஆங்கிலம் இருக்கிறது. அதை வைத்து நான் கேட்கும் முதல் விஷயம், என்னை அனுப்பவேண்டாம் என்பது. நான் போனால் அம்மா போனில் அழமாட்டா. வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுவா. அப்பா கடைக்குப் போய்க் கணக்குப் பார்ப்பார். நான் நல்ல ஆங்கிலத்தில் தனியாக இருப்பேன்."

கடைசி வரியில் மூக்கைச் சுருக்கினாள். முழுப்பேச்சிலும் பிள்ளை ஒரு தரம்கூடச் சபையைப் பார்க்கவில்லை. தகப்பன் உயர்த்திப் பிடித்திருந்த போனை மட்டும் பார்த்தது.

எல்லோருக்கும் முதலில் கைதட்டியவன் கோகுலராஜ்தான். ஒரு கையில் போன் இருந்ததால் மறுகையால் தொடையில் தட்டினான். முகமெல்லாம் பல். அதைப் பார்க்கப் பார்க்க வதனிக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

ரோல்ஸும் சோடாவும் பரிமாறும்போது, காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் முப்லிஹாவின் வாப்பா சாலிஹ் வந்து நெஞ்சில் கைவைத்தார்.

"மாஷா அல்லாஹ் டீச்சர். ரெண்டு புள்ளைக்கும் என்ன மாதிரி எழுதிக் குடுத்திரிக்கீங்க!"

எவ்வளவு வசதியான பேச்சு! ஓம், ஆமாம் என்று வதனி ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும். நாளைக்கு யார் கேட்டாலும், அது டீச்சர் உருக்கமாக எழுதிக்கொடுத்தது, பிள்ளை பாடமாக்கிச் சொன்னது. ஒருவர் மனமும் நோகாது. வகுப்பும் நிரம்பும். தை மாதம் மேனுகா பெட்டியைக் கட்டிக்கொண்டு கொழும்புக்கு ரயிலேறுவாள்.

சட்டையின் பின்பக்கத்தை யாரோ இழுத்தார்கள். மேனுகா.

"மிஸ், அப்பாட்டச் சொல்லிராதீங்க." அந்த அறையில் அவள் தமிழ் பேசியது அதுதான் முதல் தடவை. "கொழும்பு மாமிக்கு இங்கிலிஷ் விளங்கும். மாமி வேணாமெண்டு சொன்னா அப்பா கேப்பார். அதுக்குத்தான் வீடியோவில சொன்னன்."

"நீ நேர சொல்லிப் பாத்தியா?"

"அப்பாட்ட எப்பிடி மிஸ் சொல்லுற? அவர் ஒண்டச் சொன்னா நாங்க ஓம் எண்டுதானே சொல்லுற."

கெட்டிக்காரி. ஆங்கிலத்தில் உலகத்தோடு வழக்காடத் தெரிந்தவளுக்குத் தகப்பனோடு பேசத் தமிழில் இருந்தது ஒரே ஒரு சொல். வதனிக்குக் கோபம் வந்தது. பிள்ளையில் இல்லை, தன்னில்தான். மகள் தன் முகத்துக்கு நேரே நின்று சொன்னதை, அந்த மனுசன் கொழும்பிலிருந்து அக்கா விளங்கப்படுத்தித்தான் தெரிந்துகொள்ளப் போகிறானா? தானே கைதட்டிப் படம்பிடித்த பிறகு?

அவள் பல்கனிக்குப் போனாள். கல்லடியில் எது வேண்டுமானாலும் கிடைக்கும், அந்த மேல்மாடிக்குள் சிக்னல் மட்டும் கிடைக்காது. கோகுலராஜ் வாவிப் பக்கமாகக் கையை நீட்டி, போனைச் சாய்த்தும் நிமிர்த்தியும் நின்றான். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. றஜிதா பல்கனிக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"போயிற்றுது!" என்றான் அவன். "பாருங்க, ரெண்டு சரி அடையாளமும் விழுந்திற்று. நல்லா எழுதிக் குடுத்திரிக்கீங்க டீச்சர்."

"நான் எழுதல்ல," என்றாள் வதனி. "ஒரு வரியும் எழுதல்ல. எல்லாம் அவள்ட சொந்தப் பேச்சு."

அவன் முகம் இன்னும் மலர்ந்துபோனது. "சொந்தமாவா? றஜிதா, கேட்டியா? அப்ப இப்பிடிப்பட்ட புள்ளய இஞ்ச வெச்சிரிந்தா பாவம்தானே டீச்சர்!"

உண்மையைச் சொல்லப்போய், அதுவே பிள்ளையைத் தள்ளி ரயிலில் ஏற்றிவிடும் போலாகிவிட்டது.

"அவள் அழப் பாத்தவள்," என்றாள் றஜிதா, வாவியைப் பார்த்தபடி. "எனக்கு இங்கிலிஷ் தெரியா. ஆனா அழுகைய அடக்கினா அவள் மூக்கச் சுருக்குவாள். பொறந்ததில இருந்து அப்பிடித்தான்."

கோகுலராஜ் மனைவியைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான். சிரிப்பு மெல்ல வடிந்தது. "என்ன சொன்னவள் டீச்சர்?"

அவன் கையில் போன் மினுங்கியது. இரண்டு சரியும் நீலமாகியிருந்தன. கொழும்பில் அக்கா பார்க்கத் தொடங்கிவிட்டா.

"நான் சொல்லப்போறல்ல," என்றாள் வதனி. "ஒருதரம் உங்கட கதைய வேற ஆள் வாயெடுத்துச் சொன்னது போதும்."

"என்ன கதை?"

"முகாமுக்கு வெள்ளைக்காரர் வந்த கதை. அதையும் சொன்னவள். உங்கட நியாயத்த முதல்ல சொல்லிப்போட்டு, மறுகாத்தான் தன்ட நியாயத்தச் சொன்னவள்."

தன்ட நியாயம். அந்தச் சொல் அவனைத் தைத்தது வதனிக்கே தெரிந்தது. மகளுக்கென்று ஒரு நியாயம் இருக்கும் என்று அவன் இதுவரை நினைத்ததேயில்லை. கெட்ட மனுசன் இல்லை, ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மகள், இஞ்ச வாங்க."

மேனுகா கதவடியில் நின்றிருந்தாள். வந்தாள். வரும்போது டீச்சரைப் பார்த்த பார்வையில், சொல்லிவிட்டீர்களா என்ற கேள்வி இருந்தது. வதனி இல்லையென்று தலையாட்டினாள்.

"அண்டைக்கும் எனக்கு முன்னால நிண்டு இங்கிலிஷில கதைச்சாங்க, எனக்கு விளங்கல்ல," என்றான் கோகுலராஜ். "இண்டைக்கும் விளங்காமக் கைதட்டிக்கொண்டு நிண்டிரிக்கன். தமிழில சொல்லுங்க மகள்."

பிள்ளை பின்னலைப் பிடித்தது, விட்டது. பிறகு, வேறு வழி தெரியாததால், படித்த முறையிலேயே தொடங்கியது.

"முதல்ல உங்கட நியாயம் அப்பா. நீங்க சித்தப்பாவ…"

"என்ட நியாயம் எனக்குத் தெரியும் மகள். உங்கடயச் சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அக்கா. மேனுகாவின் கண் போனுக்குப் போனது. அவள் நம்பியிருந்த உதவி முழுவதும் அதற்குள் இருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கோகுலராஜ் எடுக்கவில்லை. அது கைக்குள் அதிர, மகளின் முகத்தையே பார்த்து நின்றான்.

மேனுகா மூக்கைச் சுருக்கினாள்.

"நான் போகல்ல அப்பா," என்றாள். "எனக்கு இஞ்ச இரிக்கணும்."

றஜிதா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். இங்கே திறந்துவிடக் குழாய் எதுவும் இல்லை.

போன் அடித்து ஓய்ந்து, திரும்பவும் அடிக்கத் தொடங்கியது. இந்தமுறை கோகுலராஜ் எடுத்துக் காதில் வைத்தான். மறுகையால் மகளின் தோளைப் பிடித்திருந்தான்.

"அக்கா, அதப் பள்ளிக்கூடத்தில காட்டிராதீங்க," என்றான். "நான் இன்னும் கேட்டு முடிக்கல்ல."