கைக்குட்டை ஆடும்வரை

ஒல்லியன் திரையில் வந்தாலே போதும், ஊமைப்படக் காலத்தில் கொட்டகையே குலுங்கும். அவன் விழாத மாடிப்படி இல்லை, அவன் மேல் விழாத பொருளும் இல்லை. அத்தனைக்கும் காரணம் டைரக்டரின் வாய்தான். கேமரா ஓடும்போதே பக்கத்தில் நின்று, "குனி! திரும்பு! இப்ப ஓடுடா!" என்று தொண்டை கிழியக் கத்துவார். ஒல்லியன் அந்தக் குரலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவான். பயந்தவன் முகம் திரையில் இருக்கும்போது காட்சியை நடுவில் வெட்டக் கூடாது என்பது டைரக்டரின் கட்சி. ஒரே ஷாட், ஒரே தடவை.

இப்போது பேசும்படம் வந்து தொலைத்துவிட்டது. பத்து நிமிடத் தமாஷ் படம்தான். ஆனால் தலைக்கு மேல் மைக் தொங்கியது. டைரக்டர் தும்மினாலும் அதில் பதிந்துவிடும்.

"இனிமே கத்த முடியாதுடா. அலமாரி சாயும்போது கைக்குட்டையை ஆட்டுவேன், உடனே தாவி ஒதுங்கிடு."

"அண்ணே, நிஜ அலமாரியா? அட்டையில செய்யலாமே?"

"அட்டை விழுந்தா அட்டைச் சத்தம்தான் கேக்கும். ஜனங்க இப்ப காதும் வச்சிருக்காங்கடா."

ஒல்லியன் அலமாரியை அண்ணாந்து பார்த்தான். பீங்கான் தட்டுகள் அடுக்கிய, இரண்டு ஆள் உயர மர அலமாரி. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவன் ரொட்டி தின்ன வேண்டும். பின்னாலிருந்து மூன்று பேர் தள்ளுவார்கள்.

ஒலிப்பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்த அமைதிதான் அவனுக்கு எமனாகத் தெரிந்தது. ரொட்டியைக் கடித்தான். பின்னால் மரம் முனகியது. டைரக்டரின் கைக்குட்டையை விட்டு அவன் கண்ணை எடுக்கவில்லை.

டைரக்டருக்குப் பழக்கதோஷம். கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டார். மைக் நினைவுக்கு வரவும், கையிலிருந்த கைக்குட்டையாலேயே சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

முதல் தட்டு ஒல்லியனின் தோளில் விழுந்தது. "அம்மா!" என்று அலறிக்கொண்டு தாவினான். அலமாரி அவன் குதிகாலை உரசிக்கொண்டு தரையில் சாய்ந்தது. உயிர் தப்பியது புண்ணியம். கேமரா மட்டும் நிற்கவே இல்லை.

படம் வெளியானபோது அந்த அலறலுக்குத்தான் கொட்டகையில் அதிகச் சிரிப்பு. ஒல்லியன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. இதுவரை அவன் விழுந்ததற்கெல்லாம் முதல் ஆளாகச் சிரித்தவள் அவள். இப்போது அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இது நடிப்பு இல்லையே?"

அவன் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து டைரக்டர் திரும்பினார். முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தியாடா சிரிப்பை? அடுத்த படத்துல கைக்குட்டையே வேணாம்."