பாவாவின் சுண்டுவிரல்

பெண்களின் கையைப் பிடித்து மருதாணி போடப்போகும் எந்திரத்துக்கு வேறென்ன பெயர் வைப்பது? 'பாவா' என்று வைத்துவிட்டாள் அபிகாயில். பாதி வீடுகளில் தெலுங்கு புழங்கும் திருத்தணியில், மாமன் மகனைக் கூப்பிடும் அந்தப் பெயர் பாலிடெக்னிக் முழுக்க ஒரே நாளில் பரவிவிட்டது.

பெயர் பரவிய வேகத்தில் வேலை நடக்கவில்லை. தவிடு அடைத்த ரப்பர் கையுறையில் பாவா கொடியும் பூவுமாய் அசத்திவிடும். உயிருள்ள கை என்றால் தீர்ந்தது கதை. மூச்சு விட்டாலே கை அசையும், அசைந்தால் கோடு இழுபட்டு மல்லிகை மண்புழுவாகிவிடும். புரோகிராம் எழுதிய டில்லிபாபு, அபிகாயிலின் கையை பெல்ட் போட்டுக் கட்டிப் பார்த்தான். மணிக்கட்டு சிவந்ததுதான் மிச்சம்.

மூன்றாவது ஆள் புஷ்பலதா. கே.ஜி.கண்டிகைக்காரி, மெக்கானிக்கல் மாணவி, கல்யாண வீடுகளுக்குப் போய் மருதாணி போடுகிறவள். அரக்கோணம் கண்காட்சிக்கான விண்ணப்பத்தில் மற்ற இருவருக்கும் 'தயாரிப்பு' என்று எழுதிய டில்லி, அவள் பெயருக்கு நேரே 'பூ டிசைன் மட்டும்' என்று எழுதியிருந்தான். அந்த 'மட்டும்' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்று வருஷமாக லேத் மெஷினில் கையைக் கறுப்பாக்கிக்கொண்டது இதற்குத்தானா?

"நீ பூ வரைஞ்சி குடு, போதும். மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்றான் டில்லி.

"ஆங், ஒரு மாசமா பாத்துகினுதான இருக்கீங்க?"

பாவா பாழாக்கிய அபிகாயிலின் கையைத் துடைத்துவிட்டு, புஷ்பலதா மருதாணிக் கோனை எடுத்துத் தானே போட ஆரம்பித்தாள். அபிகாயில் போனில் எதையோ பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பாதிப் பூவில் இவள் நிறுத்தினாள்.

"இன்னாடி ஆச்சு?"

"உன் கை ஆடுது. என் கோடு ஆடல."

இத்தனை வருஷமாகக் கவனிக்காததை அப்போதுதான் பார்த்தாள். அவளுடைய சுண்டுவிரல் அபிகாயிலின் உள்ளங்கையில் ஊன்றியிருந்தது. அந்தக் கை ஆடினால் இவள் கையும் சேர்ந்தே ஆடும். அப்புறம் கோடு எப்படி இழுபடும்?

"டில்லி, பெல்ட்ட தூக்கிப் போடு. பாவாக்கு ஒரு வெரல் வெக்கணும்."

அவளே வைத்தாள். கோனைத் தளர்வான ஸ்பிரிங்கில் தொங்கவிட்டு, அதனோடு சேர்த்து ஒரு கம்பி பொருத்தி, அதன் நுனியில் அழிரப்பர்த் துண்டைச் செருகினாள். கம்பி கையில் ஊன்றும், ஒரு பூ முடிந்ததும் எழுந்து அடுத்த இடத்துக்குப் போகும். முதல் சோதனையில் பாவா தான் போட்ட ஈரப் பூவையே மிதித்தது. டில்லி தலையில் கை வைத்தான். எந்தப் பூவுக்குப் பின் எந்தப் பூ என்ற வரிசையை அவள் மாற்றிச் சொல்ல, அவன் முணுமுணுக்காமல் எழுதினான். ஒன்பதாவது சோதனையில் அபிகாயில் வேண்டுமென்றே தும்மினாள். பூ அசையவில்லை.

கண்காட்சியில் நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியை கௌரியம்மாள். கூட்டத்தை விலக்கி வந்து தன் இடது கையை நீட்டினார். அது காற்றில் வாழையிலை போல நடுங்கியது. டில்லிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"வேற யாராச்சும் கை குடுக்கட்டுங்க மேடம்..."

"குடுங்க மேடம்" என்று புஷ்பலதா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

பாவா விரலை ஊன்றியது. கை நடுங்கியது, விரல் நடுங்கியது, கோனும் கூடவே நடுங்கியது. கோடு மட்டும் தன் வழியில் போய்க்கொண்டே இருந்தது. கொடி வளைந்து மணிக்கட்டில் முடிந்தபோது அபிகாயில் விசிலடித்தேவிட்டாள்.

கௌரியம்மாள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "மருதாணி வெச்சுப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. என் கையப் பாத்ததும் பொண்ணுங்க கோன மூடிட்டுப் போயிடுவாங்க." பிறகு பேராசிரியைக் குரல் திரும்பியது. "இந்த வெரல யார் வெச்சது?"

டில்லி வாய் திறப்பதற்குள், "நாந்தாங்க" என்றாள் புஷ்பலதா.

"அப்போ இது இன்னா?" விண்ணப்பத்தில் அந்த 'மட்டும்' இருந்த இடத்தைக் கௌரியம்மாள் தட்டிக் காட்டினார்.

"தப்புதாங்க மேடம். அவ இல்லன்னா பாவாவே இல்ல" என்று டில்லி பேனாவை எடுத்து நீட்டினான்.

அவர் அந்த வரியை அடித்துவிட்டு, நடுங்கும் வலது கையால் புதிதாக எழுதினார். எழுத்து கோணல்மாணலாகத்தான் விழுந்தது. 'தயாரிப்பு: புஷ்பலதா.' முதல் பரிசுக் கோப்பையைக் கல்லூரி எடுத்து வைத்துக்கொண்டது. அந்தக் காகிதத்தை மட்டும் புஷ்பலதா யாருக்கும் கொடுக்கவில்லை.