அந்த ஒரு வரி

அப்பாவின் உதட்டை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. மகள் எழுந்து போய்க் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தாழ்ப்பாளைத் தொட்ட கை அங்கேயே நின்றுவிட்டது.

வெளியே நின்றவள் அந்தப் பையனின் அம்மா.

விசாரணை நடந்த நாட்களில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, இமைகூடக் கொட்டாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்த கிழவி. அதே கறுப்புக் கோட்டு. அதே கறுப்புப் பை. அவள் பேசுகிற பாஷை இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்பா கிரேன் ஓட்டியவர். உயரத்தில் ஒண்டியாக உட்கார்ந்திருப்பதால் வேலையிடத்தில் அவரைக் கழுகு என்பார்கள். "வானத்துக்குப் பக்கத்துலயே வேலை. சர்ச்சுக்கு மட்டும் லேட்டு" என்று அம்மா கேலி செய்வாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் வடம் அறுந்து இரும்புக் கட்டு விழுந்தது. கீழே கொக்கி மாட்டிக்கொண்டிருந்த பையன் அதில் சிக்கிச் செத்துப்போனான். கோளாறு வடத்தில்தான், ஓட்டியவர்மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை. "கை என்னோடதுதானே" என்பார். அப்புறம் அவர் கிரேனில் ஏறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார், பிறகு படுக்கையில் விழுந்தார். இப்போது நுரையீரலில் நீர் கோத்து, டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

மணி மறுபடி அடித்தது.

"யாருடி?" உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

"அந்தப் பையனோட அம்மா. நான் திறக்கப்போறதில்ல."

"திற. நான்தான் சொல்லி அனுப்பினேன்."

"உனக்கென்ன பைத்தியமா? சாகக் கிடக்கிறவரைச் சபிக்கிறதுக்கா கூப்பிட்டே?"

அம்மா அறை வாசலுக்கு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நம்ம பாஸ்டர் அவங்க பாஸ்டர்கிட்டச் சொன்னார். அன்னைக்கு உங்கப்பா இறங்கி ஓடிப்போய், அந்தப் பையன் காதுல பரமண்டல ஜெபம் சொன்னாராம். நம்ம பாஷையிலதான். அவனுக்கு ஒரு வார்த்தை புரிஞ்சிருக்காது. ஆனா முடிக்கும்போது ஆமென்னு சொன்னானாம். அதோட மூச்சு நின்னுச்சாம்."

"அப்பா இதைச் சொல்லவே இல்லையே."

"எங்கிட்டயே போன வாரம்தான் வாயைத் திறந்தார். பெத்தவளுக்குத் தெரிய வேண்டாமா?"

மகள் தாழ்ப்பாளை நீக்கினாள்.

கிழவி யாரையும் பார்க்கவில்லை. யாரோ வழி காட்டினாற்போல நேராகக் கட்டிலுக்குப் போய் நின்றாள். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் கதவு படபடத்தது. அப்பாவின் மூச்சு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது.

கிழவி பையின் ஜிப்பைத் திறந்தாள். உள்ளேயிருந்து வந்தது ஒரு புகைப்படம். மஞ்சள் ஹெல்மெட்டைத் தலையில் சாய்த்துவைத்துச் சிரிக்கிற பையன். அதை அப்பாவின் பாதி மூடிய கண்களுக்கு நேரே பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். அப்பாவின் மூச்சு நின்றது. பிறகு இழுத்துக்கொண்டு திரும்ப வந்தது.

"போதும்மா. போகச் சொல்லு" என்றாள் மகள். அம்மா அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கிழவி படத்தைத் தலையணைமேல் வைத்தாள். குனிந்தாள். ஒரு கையை அப்பாவின் கழுத்தருகே ஊன்றி, வாயை அவர் காதோடு கொண்டுபோனாள். மகள் கையை உதறிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தாள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அது ஏறுகிற இடமும், இறங்குகிற இடமும், நின்று மூச்சு வாங்குகிற இடமும் அவளுக்குத் தெரிந்தவை. பேசத் தொடங்கிய வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து சொன்ன அதே பரமண்டல ஜெபம். அந்த விபத்துக்குப் பிறகு அவள் வாயில் வராமலே போனது. அம்மாவின் உதடுகளும் கூடவே அசைந்தன. வானம் வந்தது, ராஜ்யம் வந்தது, அன்றாட உணவும் வந்தது.

அதோடு குரல் நின்றது.

அடுத்து வரவேண்டியது, தப்பு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்கிற வரி.

கிழவியின் தாடை இறுகியிருந்தது. மூவரும் அப்பாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"எடுத்துக் குடேன்மா" என்று மகள் கிசுகிசுத்தாள்.

"அந்த வரியை நாம எப்படிடி எடுத்துக் குடுக்கிறது?"

கிழவி அதைத் தாண்டிக் குதித்து, மீதியை அவசர அவசரமாகச் சொல்லி முடித்தாள். ஆமென். அம்மாவும் அதே நொடியில் அதே வார்த்தையைச் சொன்னாள். அப்பாவின் உதடு லேசாகப் பிரிந்தது. சத்தம் வரவில்லை. தாழ்ந்த நெஞ்சு மறுபடி எழவில்லை.

அம்மா அவர் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

கிழவி படத்தை எடுத்துப் பையில் போட்டாள். வாசல்வரை போனாள். கதவின்மேல் கையை வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி வெகுநேரம் நின்றாள். போய்விடட்டும் என்று மகள் நினைத்தாள். போய்விடுவாளோ என்றும் பயந்தாள்.

கிழவி திரும்பி வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள், இந்த முறை உரக்க. மகளுக்குத் தானாகவே வாய் திறந்தது. அவளும் அம்மாவும் தமிழில் சேர்ந்து சொன்னார்கள். அந்த இடம் வந்ததும் மகள் வாயை மூடிக்கொண்டாள். அம்மாவும் நிறுத்திக்கொண்டாள். அந்த வரி முழுக்கக் கிழவியின் குரல் மட்டுமே அறையில் இருந்தது. நடுவில் உடைந்தது. ஆனாலும் நிற்கவில்லை.

பாஸ்டருக்குப் போன் செய்துவிட்டு மகள் திரும்பி வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் கூந்தல் அவிழ்ந்து முகமெல்லாம் விழுந்திருந்தது. அந்தப் பையனின் அம்மா தன் கொண்டையிலிருந்து ஊசியை உருவிப் பல்லில் கடித்துக்கொண்டு, அம்மாவின் கூந்தலை இரண்டு கையாலும் அள்ளி முடிந்துகொண்டிருந்தாள். அவளுடைய நரைத்த முடி தோளில் சரிந்து கிடந்தது.